காசு கொடுத்து வாங்கிய விண்டோஸை ஏன் அழிக்கிறீர்கள்? குமரி மாவட்ட கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், கருங்கல் என்று மாவட்டம் முழுக்க கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

தக்கலையில் டேலி, எக்செல் வகுப்பு எடுத்துப் பிழைக்கிறவன் நான். படிக்க வரும் பிள்ளைகள் சொந்த லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஏதாவது ஒரு கடையில் “ஓஎஸ் போட்டு”, அதாவது விண்டோஸைப் புதிதாக ஏற்றி, வாங்கி வந்த லேப்டாப் என்றால் நான் முதலில் பார்ப்பது செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். விண்டோஸுக்கு முறையான லைசென்ஸ் இருக்கிறதா என்று காட்டும் பக்கம் அது. பல லேப்டாப்பில் அங்கே ஒரே வாசகம்தான்: உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது. எந்த நிறுவனம்? அந்தப் பிள்ளையின் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். வீட்டில் இருப்பதே அந்த ஒரு லேப்டாப்.

இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெரிய கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களை மொத்தமாக ஆக்டிவேட் செய்ய மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் கேஎம்எஸ் முறையை, ஆக்டிவேட்டர் என்ற திருட்டு மென்பொருளை வைத்து லேப்டாப்புக்குள்ளேயே போலியாக ஓட்டியிருக்கிறீர்கள். அதன் ஆயுள் 180 நாள். ஆக்டிவேட்டர் பின்னணியில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்வரை ஓடும். ஏதாவது ஒரு அப்டேட்டில் அது அறுந்துபோனால், திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று வந்து நிற்கும். பிள்ளை மறுபடி உங்கள் கடைக்கு வரும், மறுபடி காசு.

எனக்கு வருத்தம் இப்படி லைசென்ஸை ஏமாற்றி கிராக் போட்டதில் மட்டும் இல்லை. அந்த லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரிஜினல் லைசென்ஸ் இருந்தது. வாங்கும்போதே விலையோடு சேர்த்து அதற்கும் காசு கொடுத்தாயிற்று. அதை ஒதுக்கிவிட்டு டூப்ளிகேட்டைப் போட்டு, அதற்கும் சில நூறு ரூபாய் வாங்குகிறீர்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், 25 எழுத்து கீ அதில் அச்சடித்திருக்கும். உரசி உரசி எழுத்து மங்கினால் கீயும் போச்சு. அந்தக் காலத்தில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்புகளில் கம்பெனிக்காரர்களே கீயை லேப்டாப்பின் மெயின் போர்டான மதர்போர்டில் உள்ள பயோஸ் சிப்பில் எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் பகுதிக்கு எம்எஸ்டிஎம் அட்டவணை என்று பெயர். ஃபார்மட் அடித்தாலும், ஹார்டுடிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூலை இலவசமாக இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். கீ கேட்காது. ஹோமா, ப்ரோவா, எந்த எடிஷன் என்றுகூடக் கேட்காமல், போர்டில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று இருந்தால் அதையே போட்டுக்கொள்ளும். விண்டோஸ் 10 அல்லது 11-ஓடு வந்த லேப்டாப் என்றால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கல்ஃபில் இருந்து அண்ணன் அனுப்பிய, கீபோர்டில் அரபி எழுத்து உள்ள லேப்டாப்புக்கும் இதே கதைதான்.

இவ்வளவு லேசாக இருக்கும்போது ஏன் செய்வதில்லை? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கடையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் விண்டோஸ் ப்ரோ, ஆபீஸ், போட்டோஷாப், ஆக்டிவேட்டர் எல்லாம் ரெடியாகச் சேர்த்து வைத்திருக்கும். எந்த மெஷின் வந்தாலும் அதைச் செருகி விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். போர்டில் இருப்பது ஹோம் கீ, போடுவது ப்ரோ. அப்புறம் எப்படித் தானாக ஆக்டிவேட் ஆகும்? ப்ரோவை அழிக்காமல் ஹோமுக்கு இறக்கவும் முறையான வழி கிடையாது. பின்னால் ஒருவர் சரிசெய்ய நினைத்தாலும் மறுபடி பேக்கப், மறுபடி ஃபார்மட்.

கஸ்டமர் மேலும் தப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். “ப்ரோ போட்டுத் தாங்க, ஆபீஸும் ஃப்ரீயா போட்டுத் தாங்க” என்று கேட்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆக்டிவேட்டர் ஓட, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்தி, அந்த ஃபோல்டரை ஸ்கேனில் இருந்து விலக்கி வைக்கிறீர்களே, அது அவர்களுக்குத் தெரியுமா? காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. அந்த லேப்டாப்பில்தான் அம்மாவின் பேங்க் கணக்கைத் திறக்கிறார்கள். சட்டத்தில் அந்த கஸ்டமரும் மாட்டலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில், திருட்டுக் காப்பி என்று தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்லியிருக்கிறது. வியாபாரத்துக்கு இல்லை என்றால் கோர்ட் சிறை இல்லாமல் விடலாம். ஆனால் டேலி வைத்துக் கணக்கு எழுதும் சின்னக் கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடைக்குமா?

இன்னொன்று, இது லேப்டாப் விற்கிற கடைகளுக்கும் சேர்த்து. புது லேப்டாப்பைத் திறந்து செட்டப் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்கும். வாங்க வந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று கடைப் பையன் கைக்கு வந்த ஒரு மெயில் ஐடியைப் போட்டு முடித்துவிடுவான். பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துபோகும். இதன் விளைவு பின்னால்தான் தெரியும். லேப்டாப்போடு வந்த ஆபீஸ் ஹோம் லைசென்ஸ் அந்த அக்கவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். விண்டோஸைத் திரும்பப் போட்ட பிறகு அதே ஐடியில் நுழைந்தால்தான் ஆபீஸ் கிடைக்கும். ஐடி யாருடையது என்றே தெரியாதபோது எங்கே நுழைவது? உடனே அடுத்த கடையில் கிராக் ஆபீஸ்.

அதைவிட மோசம் டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது டிஸ்கில் உள்ளதை யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது. இப்போது வரும் லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்ததும் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. சாவி 48 இலக்க ரெகவரி கீ. அதுவும் அந்த அக்கவுண்டில்தான் போய் உட்காரும். விண்டோஸ் கெட்டுப்போய், உள்ளே இருக்கும் புராஜெக்ட்டையோ கல்யாண போட்டோவையோ எடுக்க வேண்டும் என்று வரும்போது நீலத் திரை அந்தக் கீயைக் கேட்கும். கீ இல்லை என்றால் எந்தப் பெரிய மெக்கானிக்காலும் எடுத்துத் தர முடியாது. அதனால் விற்கும்போது கஸ்டமரின் சொந்த மெயிலையே போடுங்கள். அவரே பாஸ்வேர்டு அடிக்கட்டும், கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை. ரிப்பேருக்கு வாங்கும்போது, ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால், அந்த அக்கவுண்டில் நுழைய முடிகிறதா என்று அவரை வைத்துக்கொண்டே பார்த்துவிடுங்கள்.

போர்டு மாற்றும் விஷயம் நம்ம ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. ஐப்பசி இடியில் எத்தனை போர்டு போகிறது, குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் எத்தனை பச்சை பிடிக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். பழைய போர்டில் இருந்த கீ அந்தப் போர்டோடு போய்விடும். லேப்டாப்போடு வந்த லைசென்ஸை வேறு மெஷினுக்கு மாற்றவும் முடியாது. தனியாக ரீடெயிலில் வாங்கியது என்றால் மாற்றலாம். போர்டு மாற்ற எஸ்டிமேட் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீயை வாங்கிப் போட்டு ‘ஜெனுயின்’ என்று சொல்லாதீர்கள். அவற்றில் நிறைய, கம்பெனிகள் பல கம்ப்யூட்டருக்கு மொத்தமாக வாங்கும் வால்யூம் கீயைச் சில்லறையாக விற்பது. மைக்ரோசாஃப்ட் முடக்கினால் அன்றோடு சரி.

விண்டோஸ் இல்லாமல் டாஸ் என்று எழுதி விற்ற லேப்டாப்புக்கும், அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புக்கும் விண்டோஸ் லைசென்ஸ் கூட வருவதில்லை. அங்கே கஸ்டமரிடம் இரண்டு வழியையும் சொல்லுங்கள்: விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கலாம், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போட முடியாத பழைய லேப்டாப்புகள் ஊரில் கொட்டிக் கிடக்கின்றன. பிரவுசரும் யூடியூபும் பாடமும்தான் வேலை என்றால் லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ தாராளம். விண்டோஸுக்கென்று உள்ள டேலி வேண்டும் என்கிறவருக்கு மட்டும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்து ஏமாற்ற வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். இந்தப் பக்கம் நாம்தான் அதைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வேலை முடிந்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தை கஸ்டமருக்கு ஒருமுறை திறந்து காட்டுங்கள். பில்லில் எந்த எடிஷன், எப்படி ஆக்டிவேட் ஆனது என்று எழுதிக் கொடுங்கள். கிராக் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். கிராக் என்று பில்லில் எழுத யாருக்கும் கை வராது, அதனால்தான் கேட்கிறேன். வேலைக்கான கூலியைக் கூட்டி வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

அப்புறம், கடையில் நெட் மெதுவாக இருக்கிறது, அவ்வளவு பெரிய ஃபைலை இறக்க முடியவில்லை என்கிறவர்கள் தக்கலைப் பக்கம் வரும்போது ஒரு காலி பென்டிரைவோடு வாருங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து இறக்கியது என்னிடம் இருக்கிறது, காப்பி எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வகுப்பு முடிந்த பிறகு வந்தால் உட்கார்ந்து பேசவும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தக்கலையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ஒருவன்