கேசுவால்டி வாசலில் ஒருவரை நிறுத்துங்கள்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டீன்களுக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை மாலை. கரூர் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். நாளை இன்னொரு ஊரில், தேர்த் திருவிழாவிலோ பொதுக்கூட்டத்திலோ இப்படி நடந்தால், கேசுவால்டி வாசலில் முதல் பத்து நிமிடம் எப்படிப் போகவேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

லேசான காயக்காரர்கள்தான் பெரும்பாலும் முதலில் வருவார்கள். 108 வந்து சேருமுன் ஆட்டோவிலும் பைக்கிலும் வந்துவிடுவார்கள். அவர்களைக் கட்டிலில் படுக்கவைத்தால், பின்னால் மூச்சுத் திணறி வருபவருக்கு இடம் இராது. ஆகவே யாருக்கு முதலில் சிகிச்சை என்று தரம்பிரிக்கும் டிரையேஜ் வாசலுக்கு வெளியிலேயே, ஒரே நுழைவழியில் நடக்கட்டும். அனுபவமுள்ள டாக்டரோ நர்ஸோ ஒருவர் அங்கே நிற்கட்டும். அவர் சிகிச்சையில் இறங்கக் கூடாது. ஊசி போடக் குனிந்தால் பின்னால் வரிசை தேங்கிவிடும். ஆளுக்கு அரை நிமிடம் போதும்.

ஆளுக்கு ஒரு நிறப் பட்டை: சிவப்பு உடனடி சிகிச்சைக்கு, மஞ்சள் சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு, பச்சை லேசான காயத்துக்கு, கறுப்பு மூச்சு திரும்பாதவருக்கு. நடந்து வருபவர் பச்சை. அவரை நேரே புறநோயாளிக் கட்டடத்துக்கு அனுப்புங்கள். மற்றவர்களுக்கு முதலில் மூச்சு. மூச்சில்லை என்றால் தாடையைத் தூக்கி மூச்சுவழியைத் திறங்கள். வந்தால் சிவப்பு, வராவிட்டால் கறுப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலும், மணிக்கட்டில் நாடி தட்டுப்படாவிட்டாலும், சொன்னதைச் செய்யாவிட்டாலும் சிவப்பு. இவற்றில் எதுவும் இல்லையென்றால் மஞ்சள். ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்த, கூட வந்தவர் கையையே பயன்படுத்துங்கள்.

சிறு குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பெரும்பாலும் மூச்சு நின்ற பிறகுதான் குழந்தையின் இதயம் நிற்கும். மூச்சுவழியைத் திறந்தும் மூச்சு வராமல், நாடி மட்டும் இருந்தால் ஆம்பு பையால் (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) 5 முறை காற்று கொடுங்கள். மூச்சு திரும்பினால் சிவப்பு. மூச்சு எண்ணிக்கை 15-க்குக் கீழோ 45-க்கு மேலோ போனாலும் சிவப்புதான்.

நெரிசலில் பலரும் மிதிபட்டுச் சாவதாகவே வெளியில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நின்றபடியே, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துத்தான் சாகிறார்கள். உடம்பில் கீறல்கூட இருக்காது. ஆகவே அன்று கட்டுத்துணியைவிட ஆம்பு பையும் ஆக்சிஜனும்தான் முதலில் கைக்கு எட்டவேண்டும். கறுப்புப் பட்டை மரணச் சான்றிதழ் அல்ல என்பதையும் ஊழியர்களுக்குச் சொல்லுங்கள். கை ஓய்ந்தவுடன் ஒரு டாக்டர் அந்தப் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒவ்வொருவரையும் மறுபடி பார்க்கவேண்டும். சற்றுமுன் இதயம் நின்றவருக்கு, ஆள் இருந்தால் மார்பை அழுத்தத் தொடங்கவேண்டும். மஞ்சளும் அப்படியே, அரை மணியில் சிவப்பாக மாறலாம்.

ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டை எழுதி முடிக்கும்வரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது. 50 பைகளை இப்போதே கட்டி வையுங்கள். பைக்கு ஒரு தனி எண்; ஒவ்வொன்றிலும் அந்த எண்ணிட்ட கைப்பட்டை, கேஸ் ஷீட், ரத்தம் எடுக்கும் குழாய்கள், நரம்பில் மருந்து ஏற்றும் பெரிய கேனுலா, ஒரு பாட்டில் சலைன், மார்க்கர் பேனா. பெயர் தெரியாவிட்டாலும் எண் போதும். பெயர் தெரியாத நேரத்தில் ரத்தத்தை மாற்றி ஏற்றும் விபத்து எளிதில் நடந்துவிடும்.

பெருங்கூட்டம் உள்ள இடத்தில் செல்போன் இணைப்பு கிடைக்காமல் போகலாம். போலீஸ் வாக்கி டாக்கி ஒன்று கேசுவால்டியில் இருக்கட்டும்.

ஒத்திகையைப் பகல் 11 மணிக்கு வைக்காதீர்கள். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, அன்றைய டூட்டியில் இருப்பவர்களை மட்டும் வைத்து நடத்துங்கள்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களும் செவிலியர்களும்