பதாகையில் இருக்கும் இலக்கு லைனுக்கு வரவில்லை

கிளிநொச்சியில் நாங்கள் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையின் முகாமைத்துவத்தினருக்கு,

வணக்கம். சாப்பாட்டு மண்டபத்தில் "இந்த ஆண்டு மின்சாரத்தை 10 சதவீதம் குறைப்போம்" என்று பெரிய பதாகை கட்டியிருக்கிறீர்கள். நல்ல விசயம். ஆனால் எதிலிருந்து 10 சதவீதம்? இதுவரை எவ்வளவு குறைந்தது? சுப்பவைசரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. தையல் டார்கெட்டை மட்டும் மணிக்கு மணி போர்ட்டில் எழுதுகிறீர்கள். பத்துப் பீஸ் குறைந்தால் உடனே கேள்வி வருகிறது.

தேநீர் இடைவேளையில் மெசின்கள் நின்றதும் லைனுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். காற்றுக் குழாய் மூட்டுகளில் 'உஸ்' என்று சத்தம் கேட்கும். ஒருவரும் தைக்காத நேரத்திலும் அந்தக் கசிவை ஈடுகட்டத்தான் காற்றை அழுத்தி அனுப்பும் கொம்பிரசர் ஓடுகிறது. எந்த மூட்டு என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியும். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியாது. பழைய கிளட்ச் மோட்டர் மெசின்களும் அப்படித்தான், பெடலில் கால் வைக்காவிட்டாலும் மோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். சேர்வோ மோட்டர் தைக்கும்போது மட்டும் ஓடும். இதைச் சொல்லித் தந்திருந்தால், அடுத்த துணிக் கட்டு வரும்வரை சும்மா இருக்கும் நேரத்தில் சுவிட்சை அணைக்க மாட்டோமா?

மின் கட்டணமும் யூனிட் கணக்கோடு முடிவதில்லை. அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் ஆகக் கூடுதலாக இழுத்த மின்சார அளவுக்கும் (உச்சக் கேள்வி) தனியாகக் காசு. காலையில் கொம்பிரசர், ஏசி, அயன் எல்லாவற்றையும் ஒரே அடியாகப் போட்டால் அது எகிறும். சற்று இடைவெளி விட்டுப் போட்டால் போதும். மாலை 6.30 முதல் 10.30 வரை யூனிட் விலையும் கூட. (அந்த நேரத்தில் ஓவர்டைம் வைப்பது நாங்கள் அல்ல.)

யுத்த காலத்தில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட வன்னிச் சனத்தின் பிள்ளைகள் நாங்கள். சிக்கனத்துக்கு வகுப்பு வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். மொத்த யூனிட்டை மட்டும் போட்டால் ஓடர் குறைந்த மாதத்தில் நாங்கள் மிச்சம் பிடித்தது போலத் தெரியும். ஆகவே நூறு பீஸுக்கு எத்தனை யூனிட் போனது என்று டார்கெட் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே தினமும் எழுதுங்கள். கசியும் மூட்டில் நாங்கள் சிவப்புத் துணித்துண்டு கட்டுகிறோம். வெட்டுப் பகுதியில் கழிவுத் துணிக்கா பஞ்சம்? திருத்திய பிறகு மெக்கானிக் அண்ணை அதை அவிழ்க்கட்டும். முதலில், போன மாத பில்லை லைன் லீடர்களுக்குக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தையல் பிரிவுத் தொழிலாளர்கள்