குண்டை எடுத்துப் போக வேண்டாம், எழுதிக்கொண்டு போங்கள்

தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறை, தொல்லியல் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் தன் வீட்டு முன்கட்டையே போர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார். ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் வேண்டுமென்றேதான் விடுகிறேன், காரணம் பின்னால் வரும். நுழைவுக் கட்டணம் கிடையாது, போனால் மோர் தருகிறார். அவருக்கு விருது வாங்கித் தர இதை எழுதவில்லை. அவரைப் போன்றவர்களிடம் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

டெல்டா என்றால் நெல், கோயில், சங்கீதம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 18-ஆம் நூற்றாண்டில் இந்த வயல்களில் நடந்த படைகளுக்குக் கணக்கில்லை. 1749-ல் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலிருந்த தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள், இளைஞனாக இருந்த கிளைவ் அந்தச் சண்டையில் முன்னால் நின்றவன். 1758-ல் தஞ்சாவூரை முற்றுகையிடக் கிளம்பிய பிரெஞ்சுத் தளபதி லாலி, வழியில் கீழ்வேளூர் கோயிலைச் சூறையாடினான். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டான். 1773-ல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து தஞ்சையைப் பிடித்தார்கள். 1781-ல் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையை விட்டுப் போனது. அடுத்த பிப்ரவரியில் கொள்ளிடக் கரையில் அன்னகுடி அருகே கம்பெனியின் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு சுல்தான் சுற்றி வளைத்துத் தோற்கடித்தார். அந்தச் சண்டைக்குத் தரையில் என்ன அடையாளம் இருக்கிறது என்று கேட்டால், பெரியவர் திண்ணையைத்தான் காட்ட வேண்டும்.

திண்ணையில் இரும்புக் குண்டுகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் வாய்க்கால் தூர்வாரும்போது கிடைத்தவை. ஒவ்வொன்றும் எந்த வாய்க்காலில், எந்த மடைக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று மூச்சு விடாமல் சொல்கிறார். ஒரு குண்டு பல வருஷம் ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு மேல் பாரமாக இருந்ததாம். இவ்வளவும் அவர் வாயில்தான் இருக்கிறது. குண்டுகளின்மேல் ஒரு சாக்பீஸ் எண்கூட இல்லை.

அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. எந்தக் குண்டைத் தொட்டாலும் "இது திப்பு சுட்டது" என்கிறார். பிரெஞ்சுக்காரரும் கம்பெனியும் நவாபும் சுட்டதெல்லாம் எங்கே போயிற்று? இங்கேதான் உங்கள் படிப்பு வேண்டும். அந்தக் காலத்தில் குண்டுகளை ராத்தல் (பவுண்டு) கணக்கில் வார்த்தார்கள். ஆங்கில ராத்தல் சுமார் 454 கிராம், பிரெஞ்சு ராத்தல் சுமார் 490 கிராம். துரு தின்ற எடையைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்து, விட்டத்தையும் அளந்தால், எந்தப் பட்டறைக் கணக்கில் வார்த்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். கிடைத்த இடம் தெரியாமல் போனால் இந்த அளவையெல்லாம் வைத்து என்ன செய்வது? மாவட்ட அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் 'பீரங்கிக் குண்டு, இரும்பு' என்று எழுதி வைக்கலாம், அவ்வளவுதான்.

உள் அறையில் 20-ஆம் நூற்றாண்டு. முதல் உலகப் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று நம் ஊர்களில் ஆங்காங்கே கல் பதித்திருக்கிறார்கள். அதில் எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது. பெயர், அவர்களுக்குக் கொடுத்த பதக்கத்தின் விளிம்பில் இருக்கிறது: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. அவர் காட்டிய வெள்ளிப் பதக்கம் கொலுசாக உருக்கப்போகும்போது நகைப் பட்டறையில் அவர் மீட்டதாம். பக்கத்திலேயே ஜப்பான்காரன் மலாயாவில் அச்சடித்த வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டுகள், ஒரு தகரப் பெட்டி நிறைய. 1945-ல் செல்லாக் காசாகிப்போன சம்பளம் அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களில் எத்தனையோ பேரை சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மாட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. யார் வீட்டிலிருந்து அந்த நோட்டு வந்தது, அந்த வீட்டில் திரும்பி வராதவர் யார் என்பது பெரியவருக்குத் தெரியும்.

அவர் பயப்படுவது திருடனுக்கு அல்ல, உங்களுக்கு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். (பத்து ரூபாய்க்கு இன்று கும்பகோணத்தில் டிகிரி காபி வராது.) 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயதான பொருள் தொல்பொருள், அதில் சில வகைகளைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பரண்மேல் துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று கிடக்கிறது, அதைக் கீழே இறக்கவே மறுக்கிறார். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது என்று சொன்னேன். "தம்பி, நீங்க சொல்றீங்க. ஸ்டேஷன்ல யாரு சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான். எழுத்தில் பதில் தர உங்களால்தான் முடியும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பொருள்களை அங்கிருந்து எடுக்காதீர்கள். பயிற்சி பெற்ற ஒருவரை ஒரு தராசு, ஒரு கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, தடித்த பதிவேடு ஒன்றோடு அனுப்புங்கள். பெரியவர் சொல்வதை அவர் சொன்னபடியே பதியுங்கள், உங்கள் கருத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். கடிதங்களையும் நோட்டுகளையும் ஸ்கேன் செய்து ஒரு படி அவருக்குக் கொடுங்கள். 2018-ல் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் எத்தனை வீட்டுக் காகிதம் நனைந்து போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எது சட்டப்படி பதிய வேண்டியது, எது வேண்டாதது என்று துறை முத்திரையோடு ஒரு தாள் தந்துவிடுங்கள். அப்படியொரு உறுதியை முதலில் பொதுவில் அறிவியுங்கள், முகவரியை நான் தருகிறேன். இவரைப் போல இன்னும் சிலர் தாங்களாகவே முன்வருவார்கள்.

அப்புறம், ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது. கூடவே போலீஸ் ஜீப் வேண்டாம், பஸ்ஸிலேயே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மயிலாடுதுறையிலிருந்து ஒரு பார்வையாளன்