மூணாம் பக்கம் உனக்கு மட்டும்

ஈகன், மினசோட்டா
30.11.2025

அடியே சுமதி,

நான் நல்லா இருக்கேன். இவர் நல்லா இருக்கார். சின்னவன் மீசை விட்டிருக்கான், பாக்கச் சகிக்கலை. உன் முட்டி வலி எப்படி? உன் வீட்டுக்காரர் சர்க்கரை குறைஞ்சுதா, இல்ல இன்னும் உனக்குத் தெரியாம பஸ் ஸ்டாண்டு கடையில ஜிலேபிதானா? நலம் விசாரிச்சாச்சு.

போனை விட்டுட்டு இவ எதுக்குத் தாள்ல எழுதிப் படம் பிடிச்சு அனுப்பறான்னு கேப்பே. அதைக் கடைசில சொல்றேன். முதல்ல கதையைக் கேளு.

போன வியாழக்கிழமை இங்க தேங்க்ஸ்கிவிங். நவம்பர் நாலாவது வியாழன் வந்தா இந்த ஊரே கடையைச் சாத்திட்டு வான்கோழி தின்னும். எங்க வீட்ல 22 வருஷமா அன்னிக்கு மட்டன் பிரியாணிதான். இந்த வருஷம் பெரியவ கட்டிக்கப்போற பையனோட அப்பா, அம்மா, 88 வயசுப் பாட்டி மூணு பேரும் ஐயோவாலேர்ந்து காரோட்டிட்டு முதல்தடவையா வர்றாங்க. பிரியாணியே போதும்னுதான் அந்தப் பையன் சொன்னான். நான்தான் வீறாப்பா, "கோழிக்கே டாக்டருக்குப் படிச்சவ, ஒரு வான்கோழி வேக வைக்கத் தெரியாதா"ன்னேன்.

வியாழன் காலைல ஆறு மணி. கையில காபியோட கராஜுக்குப் போய் ஃப்ரீசரைத் திறக்கறேன், ஐயா அங்கேயே படுத்திருக்கார். 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்கு மேல. விரல் முட்டியால தட்டிப் பாத்தேன். நாமக்கல் கோட்டைப் பாறையைத் தட்டினா இப்படித்தான் சத்தம் வரும். ஞாயித்துக்கிழமை ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருக்கணும்டி. நாலஞ்சு பவுண்டுக்கு ஒரு நாள்னு கணக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏன் மறந்தேன்னு உனக்கே தெரியும். நீதானே கூப்பிட்டே.

இவர் எழுந்து வந்தார். யோசனை மேல யோசனை. ஹேர் டிரையர் போடலாமா, டப்பில வெந்நீர் ஊத்தி ஊற வைக்கலாமா, பாத்திரம் கழுவற மெஷினுக்குள்ள விடலாமா. வெளித்தோல் வெதுவெதுன்னு ஆகி, உள்ள பாறையாவே கிடந்தா, 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல சால்மொனெல்லாக் கிருமிக்குத் தேர்த்திருவிழாங்கன்னேன். மைக்ரோபயாலஜி பிராக்டிகல்ல அந்தக் கிருமித் தட்டைப் பாத்துட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தது யாருன்னு நான் இங்க எழுதலை. பச்சைத் தண்ணில போடலாம்தான், ஆனா பவுண்டுக்கு அரை மணி, அரை மணிக்கொரு தரம் தண்ணி மாத்தணும். அதுக்கே ஏழு மணி நேரம். அப்புறம் வேக மூணரை மணி. ரெண்டு மணி விருந்து அஞ்சு மணிக்கு மேல போயிடும்.

இங்க மத்திய வேளாண்துறைக்குன்னு ஒரு கறி, கோழி ஹாட்லைன் இருக்கு. தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கும் காலைல திறந்துடுவாங்க. கூப்பிட்டேன். எடுத்த அம்மா, மாட்டுப்பொங்கலன்னிக்கு டிஸ்பென்சரில உக்காந்திருப்பியே நீ, அதே குரல். பாதி தூக்கம், பாதி கருணை. நான் அழாத குறையா விஷயத்தைச் சொன்னா, அவங்க சாவகாசமா, "அப்படியே அடுப்புக்குள்ள வைங்க"ன்னாங்க.

அப்படியேவா? அப்படியேதான். உருக வைக்கவே வேண்டாம். ஓவன் 325 ஃபாரன்ஹீட்டுக்கு, நம்ம கணக்குல 163 டிகிரிக்கு, குறையக் கூடாது. நேரம் ஒண்ணரை மடங்கு. வயித்துக்குள்ள எதையும் அடைக்கக் கூடாது. தொடைக்குள்ள, ரெக்கை மூட்டுல, நெஞ்சுக்கறி தடிப்பா இருக்கற இடத்துலன்னு மூணு இடத்துலயும் 165, அதாவது 74 டிகிரி காட்டினா இறக்கலாம். அஞ்சு வருஷம் படிச்சேன், அதுக்கப்புறம் 28 வருஷம் சமைச்சேன், இது தெரியலைடி எனக்கு.

பிளாஸ்டிக் உறையை உரிக்கிறதே பெரும்பாடு. தோலோட ஒட்டிட்டு வரவே மாட்டேங்குது. குழாய்த் தண்ணியைக் காட்டிக் காட்டி உரிச்சேன், விரல் மரத்துப் போச்சு. மஞ்சள் போட்டு மூணு தண்ணி அலசினாத்தான் என் கைக்கு நிம்மதி. ஆனா இங்க பச்சைக் கோழியைக் கழுவவே கழுவாதேங்கறாங்க, தெறிக்கற தண்ணில கிருமி சிங்க் பூரா போகும்னு. உப்பு தூவினேன், சோழி உருள்ற மாதிரி சறுக்கி விழுந்துச்சு. மசாலாவெல்லாம் அப்புறம்தான்னு விட்டுட்டு, ஏழே முக்காலுக்கு ஓவன் கதவைச் சாத்தினேன்.

இனி ரெண்டு மணி நேரம் எனக்கு வேலையில்லை. அதனால இப்ப உன்னைத் திட்டப் போறேன். இங்கேர்ந்து மூணாம் பக்கம். இதைப் படிச்சுட்டு மடிச்சு உன் பீரோல வை, வேற யாருக்கும் வாசிச்சுக் காட்டாதே.

செப்டம்பர்லயே உனக்குத் தெரியும். நம்ம காலேஜ் கோதைக்குக் கட்டி, பயாப்ஸி, ஆபரேஷன், எல்லாம் முடிஞ்சு கீமோவே ரெண்டு தடவை ஆனப்புறம் எனக்குச் சொல்றே. அதுவும் எப்படி? உன் எருமைக் கன்னுக்கு வயித்துப்போக்குன்னு ஆரம்பிச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு, "அப்புறம் கோதைக்கு..."ன்னு இழுக்கறே. "விஜிகிட்ட சொல்லாதே, அவ டிக்கெட் போட்டுடுவா"ன்னு அவ சொன்னாளாம், நீயும் வாயை மூடிட்டே. போட்டா என்னடி? எங்கம்மா போனப்போ விசா சிக்கல்ல நான் இங்க மாட்டிக்கிட்டுக் கிடந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டினது யாரு, எனக்குப் பதிலா சேலை எடுத்துப் போட்டது யாரு? எனக்கு அது மறந்திருக்கும்னு நினைச்சீங்களா ரெண்டு பேரும்?

திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் நான் என்ன சமைச்சேன், என்ன உடுத்தினேன்னே நினைவில்லை. அவளைக் கூப்பிடவும் பயம். கூப்பிட்டு என்ன பேசறது? மாடு, ஆடுன்னா பேசத் தெரியும். அந்த மூணு நாள்லதான் கோழி ஃப்ரீசர்லயே கிடந்துச்சு.

டிக்கெட் போட்டாச்சு. ஜனவரி 10 கோயமுத்தூர்ல இறங்கறேன். அவகிட்ட மூச்சு விடாதே. என்கிட்ட ரெண்டரை மாசம் மறைச்சேல்ல, அவகிட்ட ஆறு வாரம் மறை. மூணாம் பக்கம் முடிஞ்சுது.

ஒன்பதே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். தோல் உருகி மினுமினுன்னு வேர்த்திருந்துச்சு. வெண்ணெயில இடிச்ச மிளகு, சீரகம், பூண்டு, பொடியா நறுக்கின கறிவேப்பிலை, உப்பு எல்லாம் குழைச்சு வச்சிருந்தேன். பிரஷ்ஷால தடவத் தடவ ஒட்டிக்கிச்சு. வாசம் மாடி வரைக்கும் ஏறி, சின்னவன் கூப்பிடாமயே எழுந்து வந்தான். உள்ள நெஞ்சுக்கறி மட்டும் இன்னும் கல்லு. கறியில முக்கால்வாசி தண்ணிதானே. 1 கிராம் ஐஸ் வெறுமனே உருகவே 80 கலோரி குடிச்சிடும். உருகின தண்ணி 0லேர்ந்து 74 டிகிரிக்கு ஏற 74 கலோரி போதும். பாதிச் சூடு கரைக்கவே செலவாயிடுது, அதான் இவ்வளவு நேரம்.

பத்தே முக்காலுக்கு அடுத்த கண்டம். வயித்துக்குள்ள ஒரு பொட்டலம் இருக்கும், கழுத்து, ஈரல், இதயம், இரைப்பை எல்லாம் சுருட்டி வச்சு. உறைஞ்சப்போ அதை உருவ முடியாது, மூணு மணி நேரம் வெந்தப்புறம் இடுக்கியால எடுக்கணும். ஹாட்லைன் அம்மா அப்பவே சொல்லிட்டாங்க: காகிதப் பொட்டலம்னா பரவாயில்லை, பிளாஸ்டிக்கா இருந்து உருகியிருந்தா கோழியையே தூக்கிப் போடுங்கன்னு. மூணு மணி நேரமா எனக்கு வயித்துல புளி கரைச்சது இதுக்குத்தான். இடுக்கியை விட்டுத் துழாவினேன். ஆவி முகத்துல அடிச்சு, கண்ணாடி மங்கி, ஒண்ணும் தெரியலை. நம்ம போஸ்ட்மார்ட்டம் ஹால்ல கண்ணை மூடிட்டுக் குடல் எண்ணின ஞாபகத்துல கையை நம்பி இழுத்தேன். காகிதம்! ஓரத்துல பழுப்பேறின வெள்ளைக் காகிதம். இவர் கை தட்டினார். மனுஷன் அந்த ஒரு வேலைதான் அன்னிக்குச் செஞ்சார்.

இதுக்கு நடுவுல பக்கத்து வீட்டுப் பெரியவர் வேற. வருஷா வருஷம் வாசல்ல புரொப்பேன் அடுப்பு வச்சு, அண்டா நிறைய கடலெண்ணெய் காய்ச்சி வான்கோழியை முழுசாப் பொரிப்பார். விஷயம் கேள்விப்பட்டு, "இங்க கொண்டு வா, முக்கால் மணில முடிச்சுடலாம்"னார். நல்ல மனசுதான். ஈரக் கரண்டியை வடைச் சட்டில விட்டாலே எப்படி வெடிக்கும்? 175 டிகிரி எண்ணெய்க்குள்ள ஆறு கிலோ பனிக்கட்டியை இறக்கினா? தண்ணி ஆவியாகறப்போ 1,700 மடங்கு விரியும்டி. அண்டா பொங்கி, எண்ணெய் கீழ இருக்கற தீயில வழிஞ்சு, அவர் வீடும் போய் என் வீடும் போயிருக்கும். தீயணைப்புக்காரங்களே இதை வெட்டவெளில செஞ்சு காட்டி வீடியோ போடறாங்க, அப்பவும் ஆளுங்க திருந்தலை. கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வச்சேன்.

பன்னெண்டரைக்கு அவங்க வந்தாங்க. அதே நேரம் பாத்து பின்பக்கப் புல்வெளில ஏழு காட்டு வான்கோழி வரிசையா நடந்து வந்து, சமையல்கட்டு ஜன்னல் வழியா உள்ள எட்டிப் பாக்குதுங்க. இந்த ஊர்ல அதுங்க தெருநாய் மாதிரி சுத்தும். சொந்தக்காரங்க துக்கம் கேக்க வந்துட்டாங்கன்னார் பையனோட அப்பா. ஆளு பிடிச்சுப் போச்சு எனக்கு.

பன்னெண்டே முக்காலுக்குத் தெர்மாமீட்டர், ஃபாரன்ஹீட்ல: தொடை 172, நெஞ்சு 148. ஒண்ணு இருபத்தஞ்சுக்கு: தொடை 183, நெஞ்சு 166, ரெக்கை மூட்டும் தாண்டிடுச்சு. இந்த நம்பரைக் கவனி சுமதி, இதுலதான் சூட்சுமமே. நீ பாக்கற நம்மூர் நந்தனம் ரக வான்கோழியை மனசுல வச்சுக்காதே. இங்கத்த வெள்ளை வான்கோழிக்கு நெஞ்சு எவ்வளவு பெருசுன்னா, தானா இணை சேரவே முடியாது, எல்லாம் செயற்கைக் கருவூட்டல்தான். அந்த நெஞ்சுக்கறி 74 டிகிரியைத் தாண்டித் தாண்டிக் காய்ஞ்சு தேங்காய் நாரா ஆகிடும், ஏன்னா தொடை பதமா வெந்து குழைய அதை விட அதிகச் சூடு வேணும். உறைஞ்ச கோழில நெஞ்சு நடுவுல ஐஸ் கடைசி வரைக்கும் கிடக்குது. அதுக்குள்ள காலும் தொடையும் முன்னாடி ஓடிடுது. ரெண்டும் ஒரே நேரத்துல சரியா வந்து நிக்குது. மறதிக்கு இப்படி ஒரு கூலி கிடைக்கும்னு யாரு கண்டா?

இருபது நிமிஷம் ஆற விட்டு இவர் அறுத்தார். நெஞ்சுக்கறில கத்தி இறங்கின இடத்துல சாறு கோத்து நின்னுச்சு. பாட்டி ரெண்டாந்தடவை வாங்கினாங்க. கறிவேப்பிலையை எடுத்து ஓரமா வைக்காம மென்னு முழுங்கிட்டு, இது என்ன இலைன்னு கேட்டாங்க.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. காலைல ஆறு மணிக்கு இது கல்லா இருந்துச்சுன்னு உளறிட்டேன். பெரியவ மேசைக்கடியில என் காலை மிதிக்கறா. சம்பந்தியம்மா ஃபோர்க்கைக் கீழ வச்சுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாங்க. கல்யாணமான முதல் வருஷம், பொட்டலத்தை எடுக்காமயே முழுசா வேக வச்சுப் பரிமாறிட்டு, மாமியாருக்குத் தெரியாம ராத்திரி குப்பைல போட்டாங்களாம். பாட்டி தட்டுலேர்ந்து தலையைத் தூக்காம, "எனக்குத் தெரியும். உன் முகம் போன போக்கைப் பாத்துட்டு வாயைத் திறக்கலை"ன்னாங்க. அந்தம்மா முகத்தைப் பாக்கணுமே! 34 வருஷம் கழிச்சு வெளில வருது.

எல்லாரும் படுத்தப்புறம் பத்தரைக்குக் கோதையைக் கூப்பிட்டேன். உங்களுக்கு வெள்ளி காலைல பத்து. என்ன பேசறதுன்னு மூணு வரி எழுதி வச்சிருந்தேன். போனை எடுத்ததும், "யாரு, வான்கோழியா?"ன்னாளே பாவி. காலேஜ்ல நான் ஆடின அந்த மயில் டான்ஸ் முடிஞ்சு 31 வருஷம் ஆச்சு. எனக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியாத சத்தம் ஒண்ணு வந்துச்சு.

நாக்குல ஒண்ணும் தெரியலையாம். சோறு வாயில வச்சா ஆணியைக் கடிச்ச மாதிரி இருக்காம். "நீ தின்னதைச் சொல்லுடி, ஒண்ணு விடாம"ன்னா. நான் சொல்லச் சொல்ல, தொடை எத்தனை டிகிரி, வெண்ணெய் எவ்வளவு, ஓவன்ல எத்தனையாவது தட்டுன்னு வைவா பரீட்சை வைக்கறா. இம்மர்ஷன் ராடுல பக்கெட் குழம்பு வச்சவளுக்கு ஓவன்ல எத்தனையாவது தட்டுன்னு தெரியணுமாம்! பொட்டலம் வரைக்கும் வந்தேன், யாரோ ஊசி போட வந்துட்டாங்க. "மிச்சத்தை எழுதி அனுப்பு. டிசம்பர் 8 கீமோ ட்ரிப் ஏறுறப்போ சுமதியை வாசிக்கச் சொல்றேன், அவ வாசிச்சா எனக்குத் தூக்கமும் வரும்"னா.

அதான் இந்தத் தாளும் பேனாவும். மருந்து ஏற எத்தனை மணி நேரமோ, அதுக்குத் தகுந்த மாதிரி மெதுவா வாசி. மூணாம் பக்கத்தை வீட்லயே விட்டுட்டுப் போ. கேட்டா விஜிக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்லிடு, நம்பிடுவா.

எலும்புக்கூட்டை அதே ஃப்ரீசர்ல திரும்பப் போட்டு வச்சிருக்கேன். மிளகு ரசமா, சூப்பான்னு கோதைகிட்ட கேட்டுச் சொல்லு.

விஜி