கோணம் மாறினால் பக்கத்தின் பெயரும் மாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கோணவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் பெற்றோருக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். சைன், காஸ், டேன் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வைக்கும் முன், செங்கோண முக்கோணத்தின் பக்கங்களுக்குப் பெயர் சொல்லப் பழக்குங்கள். பிள்ளைகள் சறுக்குவது சூத்திரத்தில் அல்ல, பெயரில்தான்.

கரும்பலகையில் முக்கோணத்தை எப்போதும் ஒரே மாதிரி வரைகிறோம். செங்கோணம் வலது கீழ் மூலையில், நாம் கணக்கிடும் கோணமான தீட்டா இடது கீழ் மூலையில். நாளடைவில் பிள்ளையின் மனதில் 'நிமிர்ந்து நிற்பது எதிர்ப்பக்கம், படுத்திருப்பது அடுத்துள்ள பக்கம்' என்று பதிந்துவிடுகிறது. தேர்வில் படத்தைத் திருப்பிப் போட்டாலோ, தீட்டாவை மேல் மூலையில் வைத்தாலோ விடை தலைகீழாகிறது.

பக்கங்கள் 5, 12, 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். செங்கோணத்துக்கு எதிரே உள்ள 13தான் கர்ணம். அது மாறவே மாறாது. மற்ற இரண்டும் கோணத்தைப் பொறுத்தவை. 12-க்கும் 13-க்கும் இடையே உள்ள கோணத்தில் விரலை வைத்தால் எதிரே இருப்பது 5. ஆகவே சைன் (எதிர்ப்பக்கம்/கர்ணம்) 5/13, காஸ் (அடுத்துள்ள பக்கம்/கர்ணம்) 12/13, டேன் (எதிர்ப்பக்கம்/அடுத்துள்ள பக்கம்) 5/12. விரலை 5-க்கும் 13-க்கும் இடையே உள்ள கோணத்துக்கு நகர்த்துங்கள். இப்போது எதிர்ப்பக்கம் 12. சைன் 12/13, காஸ் 5/13, டேன் 12/5. ஒரு கோணத்தின் சைன் மற்றதன் காஸ் ஆவதைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லும். 90-இலிருந்து தீட்டாவைக் கழிக்கும் சூத்திரங்களைப் பிறகு தனியே உருப்போட வேண்டியதில்லை.

விடையைச் சரிபார்க்கவும் வழி உண்டு. செங்கோண முக்கோணத்தில் கர்ணமே நீளமான பக்கம் என்பதால் சைனும் காஸும் 1-ஐத் தாண்டாது. 13/12 வந்தால் பின்னம் கவிழ்ந்திருக்கிறது. டேனுக்கு அந்த வரம்பு இல்லை. 12/5 என்று சரியாக எழுதிவிட்டு, 'ஒன்றுக்கு மேல் வருகிறதே' என்று அடித்துவிடும் பிள்ளைகளும் உண்டு. மூன்றாவது பக்கம் காண்பதிலும் இதே கவனம் வேண்டும். கர்ணம் 13, ஒரு பக்கம் 5 என்றால் 169-இலிருந்து 25-ஐக் கழிக்க வேண்டும். எது கர்ணம் என்று பாராமல் கூட்டினால் 194-இன் வர்க்கமூலம் என்ற ஒவ்வாத எண் வந்து நிற்கும்.

சைன் தீட்டா 3/5 என்றால் பக்கங்கள் 3-ம் 5-ம் என்று பொருளல்ல. 6-ம் 10-ம் ஆக இருக்கலாம், 30-ம் 50-ம் ஆகவும் இருக்கலாம். முக்கோணம் பெரிதானாலும் கோணம் மாறாதவரை விகிதம் மாறாது. ஒரு பக்கத்தையும் கோணங்களையும் அளந்தால் மற்ற பக்கங்கள் கிடைத்துவிடுவது இதனால்தான். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த வில்லியம் லாம்டனின் நில அளவைப் பணி நடந்ததும் இந்த வழியில்தான். குன்று இல்லாத நம் சமவெளியில் தொலைவிலுள்ள புள்ளிகளைப் பார்க்க உயரமான இடம் வேண்டியிருந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவியை) ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோயிலில் மோதிச் சேதமானது. தஞ்சை மாவட்டப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

வகுப்பறைக்கு வெளியே அழைத்துப் போனால் இன்னும் நல்லது. பாகைமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கோணம் அளக்கும் கருவி தயார். மட்டமாகப் பிடித்தால் நூல் 90-இல் நிற்கும். எனவே ஏற்றக்கோணம் (மட்டத்திலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணம்) என்பது நூல் காட்டும் எண்ணுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம். நூல் காட்டும் எண்ணையே கோணமாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தென்னை மரத்திலிருந்து 20 மீட்டரில் நின்று 35 பாகை கிடைத்தால், டேன் 35 ஏறத்தாழ 0.70, உயரம் 14 மீட்டர். அதோடு பார்ப்பவரின் கண்மட்ட உயரத்தைக் கூட்ட வேண்டும். இங்கே ஒரு பாகை பிசகினால் அரை மீட்டர் போகும். அதே மரத்தை 5 மீட்டரில் நின்று அளந்தால் முக்கால் மீட்டருக்கு மேல் போகும். கோணம் 45-ஐ ஒட்டி வரும் தூரத்தில் நிற்பதே நல்லது.

வாய்க்கால் கரை இன்னொரு நல்ல பாடம். ஒன்றரைக்கு ஒன்று சரிவு என்றால் 1 மீட்டர் உயரத்துக்குக் கிடைமட்டமாக 1.5 மீட்டர். டேன் எழுதும்போது இதைத் திருப்பிப் போட வேண்டும்: 1/1.5. கோணம் சுமார் 34 பாகை வரும். 2 மீட்டர் ஆழ வாய்க்காலின் சரிவில் டேப்பைப் படுக்கவைத்தால் 3.6 மீட்டர் காட்டும். அது கர்ணம். 2-ஐ 3.6-ஆல் வகுத்தால் கிடைப்பது சைன். அதை டேன் என்று நினைத்துக் கோணம் கண்டால் 29 பாகை வந்து, கரை இருப்பதைவிடப் படுத்ததாகத் தெரியும்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்துத் தூர்வாரி முடித்த கரைகளில், தண்ணீர் வரும் முன் ஒரு பாடவேளை போதும். டேப், பாகைமானி, நூல், நட்டு இவ்வளவுதான் செலவு. பெரியவர் ஒருவர் கூட நிற்க, பிள்ளைகள் தாங்களே அளக்கட்டும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.