துண்டு கொடுக்க வந்த அந்தத் தம்பிக்கு நன்றி

அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, ஹோட்டலில் டிவி சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து அறைக்காரர்களுக்குத் தொந்தரவு, சரி புத்தகமாவது படிக்கலாம் என்றால் கட்டிலோர விளக்கில் எழுத்தே தெரியவில்லை. துண்டு கொடுக்க வந்த நீங்கள் இதைக் கவனித்து, நாங்கள் கேட்காமலே டிவி செட்டிங்ஸுக்குள் போய் சப்டைட்டிலைப் போட்டு, எழுத்தையும் பெரிதாக்கினீர்கள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்து, கண் கூசாமல் தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழும்படி திருப்பி வைத்தீர்களே, அதையெல்லாம் யார் யோசிப்பார்கள்! அம்மா அன்று வெகுநேரம் படித்தார். காலையில் உங்கள் பெயரைக் கேட்க வந்தபோது ஷிப்ட் முடிந்து போய்விட்டீர்கள். இப்போது வீட்டிலும் சப்டைட்டில் போட்டுத்தான் டிவி பார்க்கிறார். தம்பி, இது உங்கள் கண்ணில் பட வேண்டும், ரொம்ப நன்றி.