செப்டெம்பர் 30 அன்று கடை பூட்டியிருக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

நவராத்திரிக்குக் கொடுத்த பிளவுஸ்கள் மேசையில் குவிந்து கிடக்க, ஒரு நாள் முழுவதும் கடையைப் பூட்டுவதா என்று போன கிழமை ஓர் அம்மா கோபித்துக்கொண்டார். கோபத்தில் நியாயம் உண்டு. செப்டெம்பர் 30 கனடாவில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள்; பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததை நினைவுகூரும் நாள். ஒன்ராறியோவில் எங்களைப் போன்ற கடைகளுக்கு அது கட்டாய விடுமுறை இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கும், வங்கி போன்ற மத்திய சட்டத்துக்குட்பட்ட இடங்களில் வேலை செய்பவர்களுக்கும்தான் இங்கே 2021 முதல் விடுமுறை.

செப்டெம்பர் பிறந்தால் செம்மஞ்சள் சட்டை கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பாடசாலையில் போட்டுவரச் சொன்னார்களாம். எதற்கென்று கூட வரும் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிலிஸ் வெப்ஸ்டட் என்ற ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமிக்குப் பாட்டி புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். பளிச்சென்ற செம்மஞ்சள், முன்பக்கம் கயிறு கோத்தது. வதிவிடப் பாடசாலைக்கு, அதாவது பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த பாடசாலைக்கு, போன முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கவேயில்லை. அந்தச் சட்டைதான் இந்தச் சட்டை.

நாங்கள் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துப் பிழைப்பவர்கள். அடுத்த வருடமும் போடட்டும், விளிம்பை உள்ளே மடித்துத் தையுங்கள் என்று சொல்லும் அம்மம்மாக்களை அன்றாடம் பார்க்கிறோம். அதனால்தானோ என்னவோ, அந்தக் கயிறு கண்ணை விட்டுப் போகவில்லை.

ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் இப்படிப்பட்ட பாடசாலைகளில் இருந்தார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. எங்கோ தொலைவில் நடந்ததும் அல்ல. ஸ்காபரோவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், பிரான்ட்ஃபோர்டில், அப்படி ஒன்று 1970 வரை நடந்தது. ஓயாமல் போட்ட கூழை வைத்து அதற்குக் ‘கூழ்ப் பொந்து’ என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முணுமுணுத்துக்கொண்டே போகும் என் மகனுக்கு அந்தக் கட்டடத்தைக் காட்ட வேண்டும். 30ஆம் திகதி கடையைப் பூட்டிவிட்டு அங்கேதான் போகிறோம்; இந்த முறை தையற்காரர் நால்வரோடு அவனும் வருகிறான். வர விரும்பாதவருக்கும் அன்றைய சம்பளம் உண்டு.

செம்மஞ்சள் சட்டைக்குத் தள்ளுபடி கேட்காதீர்கள். அதில் லாபம் வைப்பதில்லை. துணிக் காசும் தையற்கூலியும் மட்டும்தான்.

30ஆம் திகதிக்குச் சொன்ன உடுப்புகள் எல்லாம் 29ஆம் திகதி மாலையே தயாராக இருக்கும். அன்று இரவு 9 மணி வரை திறந்திருப்போம். பற்றுச்சீட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்